பஸ் சீட்டுத் தைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அக்காவின் மகளும் மகனும் கேட்க வந்தபோது, "சித்தி, அழ வைக்கிற மாதிரி எழுதாதீங்க, அம்மாவுக்கு அழுமூஞ்சி புடிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். உண்மைதான். சாவு வீட்டுக்குப் போனால்கூட அங்கே யாரையாவது ஒருவரைச் சிரிக்க வைக்காமல் அக்கா எழுந்து வந்ததில்லை. அதனால் அவரோடு கூடவே இருந்த தங்கை என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததை அவருக்குப் பிடிக்கும் விதமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில். எங்கள் பெற்றோர் பிறர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. எங்களைக் குளிப்பாட்டி, கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். மாதா கோயில் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட வேலையும், அவர்கள் கொடுத்த பழைய மெஷினும்தான் அவருடைய சீதனம். கலியாணமாகித் திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் வண்டி போய் நின்றதும், "மொதல்ல மெஷின எறக்குங்க. அது ஒடஞ்சா நான் திரும்பிப் போய்டுவேன்" என்று மணப்பெண்ணே குரல் கொடுத்தாராம். மாமா, அதாவது அக்காவின் கணவர், இந்தக் கதையைச் சாகும் வரை சொல்லிச் சிரித்தார்.

மாமா திண்டிவனத்தில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டர். எண்பதுகளின் தொடக்கம் அது. டிரங்க் ரோட்டில் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. அப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து லாரி முழுதாக வராது. இன்ஜினும் சக்கரமும் ஸ்டீரிங்கும் மட்டும்தான் வரும். மேலே ஒன்றும் இருக்காது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்து ஓட்டி வருவார். கூரை, கதவு, சீட்டு, பின்னால் வரையும் மயில் உட்பட எல்லாம் இங்கே பட்டறையில் செய்வதுதான். ஒரு பட்டறை இருந்த இடத்தில் நாலு பட்டறை வந்தது. அதை ஒட்டி டயர்க் கடை, பேட்டரிக் கடை, லாரியின் வில்லுப் பட்டை அடிக்கிற கொல்லர், டீக்கடை. கழனி வேலை இல்லாத மாதங்களில் சும்மா கிடந்த ஆண்களுக்கு அங்கே ஏதோ ஒரு வேலை கிடைத்தது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பட்டறையில் சீட்டுத் தைத்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸ் போய்விட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாமா வாய் சும்மா இராமல், "எங்க வூட்டுக்காரி தெப்பா மொதலாளி" என்று சொல்லிவிட்டார். அக்கா அதுவரை தைத்ததெல்லாம் ரவிக்கையும் பாவாடையும்தான்.

"ரவிக்க தெக்கிறவளுக்கு லாரி சீட்டு எம்மாத்திரம்? உடம்புக்கு அளவெடுத்துத் தெக்கிறதுதானே ரெண்டும்?" என்று அக்கா ஒப்புக்கொண்டார். பத்தாவது முடித்துவிட்டு அப்போது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். பழைய சீட்டு ஒன்றை வீட்டு வாசலில் போட்டுப் பிரித்தோம். தேங்காய் நார் வீடெல்லாம் பறந்தது. எங்கள் மெஷினில் ரெக்சினைக் கொடுத்ததும் ஊசி முறிந்தது. வேறு ஊசி போட்டோம், அதுவும் முறிந்தது. கடைசியில் கோணி தைக்கும் ஊசியால் கையாலேயே தைத்து முடித்தோம்.

சீட்டைப் பொருத்திய அன்று அக்கா என்னையும் பட்டறைக்கு அழைத்துப் போனார். வண்டியை எடுக்க வந்திருந்த டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ணங் என்று ஒரு சத்தம்.

"இன்னாம்மா இது, சீட்டா சிம்மாசனமா? தல கூரையில முட்டுது!"

அக்கா ஆசை ஆசையாக நாரைத் திணித்திருந்தார். பட்டறையே சிரித்தது, முதலாளியைத் தவிர. அக்காவும் சிரித்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி, "எறங்காதண்ணே, அப்படியே ஒக்காரு. எங்க வலிக்கும், எங்க அழுத்தும், ஒண்ணு ஒண்ணா சொல்லு" என்று டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். அந்த மனிதர் தன் முதுகு வலியிலிருந்து மூல வியாதி வரை சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை பொருத்திய சீட்டில் உட்கார்ந்ததும் அவர் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் முதலாளி தன் பட்டறையில் கிடந்த கனமான தையல் மெஷினை மாமாவிடம் கொடுத்தனுப்பினார்.

வேலை வர வர வீடு போதவில்லை. ஊர் எல்லையில், ரோட்டோரமாக ஒரு கீற்றுக் கொட்டாய் கிடைத்தது. இடம் ஊரில் பெரிய நிலத்துக்காரருடையது. எல்லோரும் அவரை ஐயா என்றுதான் அழைப்போம். அந்தக் கொட்டாயில் முதலில் அக்காவும் நானும். பிறகு எங்கள் தெருவின் அஞ்சலை வந்தாள். கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்தவள். ஊசியைக் கையில் வாங்கிய அன்றே அக்காவைவிட நேராகத் தைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பிள்ளைகளைக் கூடவே அழைத்து வரலாம், நிழலில் உட்காரலாம், வாய் ஓயாமல் பேசலாம். எத்தனையோ லாரிகளின் சீட்டுக்குள் எங்கள் தெருக் கதைகளும் நாரோடு சேர்த்துத் திணிக்கப்பட்டிருக்கின்றன.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு முழு பஸ்ஸுக்குச் சீட்டுத் தைக்கும் வேலை வந்தது. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தை ஏற்ற வேண்டும், அதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்று பஸ் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே நாட்களில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடையும் வந்து சேர்ந்தது.

ஒரு காலையில் ஐயா கொட்டாய் வாசலில் வந்து நின்றார்.

"ஊர்ல கீற பொம்பளைங்க எல்லாத்தையும் இங்க ஒக்கார வெச்சிக்கினியே, என் மல்லாட்டைய யாரு புடுங்கறது? மண்ணு காஞ்சி எறுகிட்டா காயி உள்ளயே நின்னுடும்."

"வாங்கய்யா, மொதல்ல ஒக்காருங்க" என்று அக்கா ஒரு புது பஸ் சீட்டை நகர்த்திப் போட்டார்.

"ஒக்கார வர்ல. நாளைக்கி ஆளு கழனிக்கு வந்தாவணும். இல்லன்னா கொட்டாய காலி பண்ணிக்க."

அவர் போனதும் அஞ்சலைதான் முதலில் பேசினாள். "நான் போவ மாட்டேன்கா. அங்க 'ஏய்'னு ஒரு சத்தம் வரும். யார கூப்டாங்கன்னு தெரியாம அத்தினி பேரும் திரும்பணும். இங்க நீ என் பேர சொல்லி கூப்புடற."

மாமாவுக்குப் பயம். "இன்னாத்துக்கு பேஜாரு? பட்டறை பக்கமே ஒரு எடம் பாத்துக்கினு போய்டலாம்" என்றார். ஆனால் திண்டிவனத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெண்ணும் தினம் வர முடியாது. கொட்டாய் போனால் அத்தனை பேருக்கும் வேலை போகும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். மல்லாட்டை வீணாவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கழனியில் வளர்ந்தவர் அல்லவா?

அன்று சாயங்காலமே என்னை அழைத்துக்கொண்டு ஐயா வீட்டு வாசலுக்குப் போனார். அக்கா நின்றபடியே பேசினார்.

"ஐயா, பொழுது விடியறப்ப நாங்க எல்லாரும் கழனிக்கு வர்றோம். நானும் வர்றேன். வெயில் ஏறினதும் கொட்டாய்க்கு போய்டுவோம். அறுவடை முடியற வரைக்கும் இப்படியே. கூலி ஊருக்கெல்லாம் என்ன ஏத்தி இருக்கோ அத குடுங்க. இன்னொண்ணும் இருக்குது."

"இன்னும் இன்னா?"

"பேர சொல்லி கூப்புடணும். வாங்க போங்கன்னு சொல்லணும்."

ஐயாவின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "பேர சொன்னா வாயி வெந்துடுமா? காயி மண்ணுல கெடக்குது, ஜல்தியா சரின்னு சொல்லுங்க."

ஐயா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் கழனி வரப்பில் போய் நின்றோம். ஐயா எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தார். அஞ்சலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஞ்சல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "வா" என்பது வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. நாங்கள் யாரும் அசையாமல் நின்றோம். கொக்கு ஒன்று பறந்து வந்து வாய்க்காலில் இறங்கியது. "...ங்க" என்றார்.

அஞ்சலைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, நாங்கள் எல்லோரும் சிரிக்க, கடைசியில் ஐயாவே தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். அன்று மல்லாட்டைச் செடி பிடுங்கிய வேகத்தில் நான் பிறகு எங்கேயும் பிடுங்கியதில்லை. அதற்குப் பிறகு ஐயா அடியோடு மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். பழைய பழக்கத்தில் வாய் தவறும். உடனே பெண்கள் எல்லோரும் காது கேட்காதவர்களாகி விடுவார்கள். மறுபடி சரியாகக் கூப்பிடுவார். அக்காவின் தைரியத்தைப் பெரிதாகச் சொல்பவர்களிடம் அக்காவே ஒன்று சொல்வார்: "நம்ம அம்மாவுக்கும் தைரியம் இருந்துச்சி. ஆனா கழனிய வுட்டா போறதுக்கு வேற எடம் இல்ல. எனக்கு ரோட்டோரம் ஒரு கொட்டாய் இருந்துச்சி."

பஸ் உத்திரத்துக்கு முன்பே தயாரானது. விழுப்புரம் வரை வெள்ளோட்டம் விடப் போகிறோம், தைத்தவர்கள் எல்லோரும் வாருங்கள் என்று பட்டறை முதலாளி சொல்லி அனுப்பினார். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஏறினோம். ஏறியவர்கள் யாரும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றோம். அழுக்காகிவிடுமோ என்று பயம். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்றும் பயம்.

அக்கா முன் சீட்டில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். குதித்துப் பார்த்தார். "நாரு நல்லாத்தான் வெச்சிருக்கோம். வாங்கடி, ஒக்காருங்க" என்றார். அவ்வளவுதான். ஆளுக்கொரு ஜன்னல். அஞ்சலை மட்டும் எந்த இடத்திலும் நிலைக்காமல் சீட்டு மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தாள். விக்கிரவாண்டியைத் தாண்டியபோது அக்கா திடீரென்று, "வண்டிய நிறுத்துண்ணே!" என்று கத்தினார். டிரைவர் பதறிப்போய் நிறுத்தினார். ஒரு சீட்டின் ஓரத்தில் தையல் கோணலாகப் போயிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ஊசியை எடுத்து அங்கேயே பிரித்துத் தைத்தார். அந்தக் கோணல் தையல் என்னுடையது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விழுப்புரம் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லியே என்னை ஓட்டினார்கள்.

அந்தக் கொட்டாய் பிறகு ஓட்டுக் கட்டடமானது. அஞ்சலை விழுப்புரத்தில் தனியாக மொபெட்டுக்கும் ஆட்டோவுக்கும் சீட்டுத் தைக்கும் கடை வைத்தாள். ஐயா தன் டிராக்டர் சீட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம்தான் வந்தார். காலம் போகப் போகக் கம்பெனிகள் சீட்டோடு வண்டியை அனுப்பத் தொடங்கின. அக்கா கலங்கவில்லை. "தெச்சி அனுப்புறான், சரி. கிழியாம அனுப்புறானா?" என்று கேட்டுவிட்டுப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார். அந்த வருமானத்தில்தான் மகளை ஆசிரியையாக்கினார், மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். மாமா மறைந்த வருடம் மட்டும் கொஞ்ச காலம் மெஷினைத் தொடவில்லை.

போன ஆண்டு சிறுநீரகக் கோளாறு முற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே அக்காவைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்ட வார்டு ஆயாக்களுக்கும், இரவு பகல் பாராத டாக்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தம்பிகளுக்கும், தினமும் விழுப்புரத்திலிருந்து கஞ்சி கொண்டுவந்த அஞ்சலைக்கும், இறுதிச் சடங்கில் எங்களோடு நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வார்டு நர்ஸம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. பக்கத்துக் கட்டிலில் கால் ஆபரேஷன் ஆன ஒரு இளம்பெண் இருந்தாள். அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர நாற்காலியின் அடித்துணி கிழிந்து, கம்பி குத்திக்கொண்டிருந்தது. அக்கா என்னிடம் ரெக்சினும் ஊசியும் கொண்டுவரச் சொன்னார். படுக்கையில் சாய்ந்தபடியே தைப்பதைப் பார்த்த நர்ஸம்மா, "நீங்க பேஷன்டா, டெய்லரா?" என்று அதட்டினார். "ஊசி நீங்க போட்டா பேஷன்ட், நான் போட்டா டெய்லர்" என்றார் அக்கா. நர்ஸம்மா சிரித்துவிட்டு, தைத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் வராமல் இருந்தார். மறுநாள் காலை அந்தப் பெண் நாற்காலியில் வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பி வந்து, "குத்தலம்மா, மெத்துனு இருக்குது" என்றாள். அக்கா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, முகம் நிறையச் சிரித்தார்.