ரிவர்ஸுக்கு ஒரு பிஸ்மில்லாஹ்

எங்கள் சந்துக்குள் கார் முன்பக்கமாக நுழையலாம், திரும்ப முடியாது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் வெங்காய மண்டியின் சுவர், மறுபக்கம் வீடுகள், முடிகிற இடத்தில் எங்கள் வாசல். வெளியே வர வேண்டுமானால் மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே வர வேண்டும். ஆகவே ஊரில் எந்தக் காருக்கு ரிவர்ஸ் கியர் போனாலும் பரவாயில்லை, எங்கள் காருக்கு மட்டும் போகக் கூடாது. போனது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம்.

அத்தாவுக்கு வளைகுடாவில் வேலை. முந்தைய லீவில் வந்தபோது அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி, அம்மாவை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அம்மா ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். அதுவரை இரண்டு பஸ் மாறி, நசுங்கிப்போய், கோபத்தோடுதான் வீட்டுக்கு வருவாள். கார் வந்த பிறகு காவிரிப் பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

ஆனால் ரிவர்ஸ் என்றால் அவளுக்குப் பயம். காரை முழுசாக நிறுத்துவாள், கிளட்சை மிதிப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்று நிதானமாகச் சொல்வாள், அப்புறம்தான் கியரைத் தொடுவாள். இந்தத் தடவை லீவில் வந்த அத்தா இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"வண்டியை எடுக்கறப்ப ஒரு தடவை சொன்னா பத்தாதா? ரிவர்ஸுக்கு வேற தனி பிஸ்மில்லாவா?"

அத்தா ஓட்டுவது வேறு மாதிரி. லீவில் வந்தவரைப் பார்க்க ஆசைப்படாத சொந்தக்காரர்களே கிடையாது. ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போக வேண்டும். கார் முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸைப் போடுவார். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பின் சீட்டிலிருந்து நானும் கூடவே கர்ர்ர் என்பேன்.

ஒருநாள் காலை சந்துக்குள் அத்தா ரிவர்ஸ் போட்டதும் கார் ஒரு உதை உதைத்தது. கியர் தானாக வெளியே வந்துவிட்டது. திரும்பப் போட்டார். திரும்ப உதைத்தது. மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் ஆறு பேர் வந்து காரின் முன்பக்கத்தில் கை வைத்துத் தள்ளி எங்களை ரோட்டில் விட்டார்கள். "கவலைப்படாதீங்க பாய், நாங்கதான் இனிமே உங்க ரிவர்ஸ் கியர்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் இல்லாதப்ப நீ பண்ணின வேலை, இப்ப என் கையில வந்து மாட்டுது" என்றார் அம்மாவிடம். "ரிப்பேர் பண்ணிட்டு, போறதுக்குள்ள வித்துடறேன். உனக்கு பஸ்ஸுதான் சரி."

அப்படியென்றால், இனிமேல் பாலத்தில் பாட்டு கிடையாது.

காரை உறையூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்கள். வெள்ளிக்கிழமை, காலாண்டு லீவு. அத்தா ஜும்மாவுக்குப் போயிருந்தார். தொழுகை முடிந்து நேரே அங்கே வருவதாகச் சொன்னதால் அம்மாவும் நானும் முன்னாலேயே போய்விட்டோம். கியர் பெட்டி கழற்றிப் பிரிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. ஆயில் பிடித்த தட்டில் இரும்புத்தூள் ஜரிகை மாதிரி மின்னியது. மெக்கானிக் சின்னதாக ஒரு பல்சக்கரத்தை எடுத்துத் துணியில் துடைத்துக் காட்டினார். பற்களின் முனையெல்லாம் எலி கொறித்த மாதிரி இருந்தது.

"முன்னாடி போற கியருக்கெல்லாம் உள்ள ஒரு வளையம் இருக்கு டீச்சர். அது ரெண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேத்து வைக்கும். இந்த வண்டியில ரிவர்ஸுக்கு அது கிடையாது. சுத்துறது நின்னாத்தான் பல்லு பல்லோட சேரும். நிக்கறதுக்குள்ள திணிச்சா இப்படித்தான். நீங்க எப்படிப் போடுவீங்க? அந்த வண்டியில போட்டுக் காட்டுங்க பாப்போம்."

ஓரமாக நின்ற வேறொரு காரில் அம்மா ஏறினாள். கொஞ்சம் முன்னால் போய் நிறுத்தினாள். கிளட்ச், கண்ணாடி, பிஸ்மில்லாஹ். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "நீங்க ஓதி முடிக்கறதுக்குள்ள உள்ள எல்லாம் நின்னுடுது. இந்தப் பல்லு உங்களால போகல. உடைஞ்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு, புதுசா உடைஞ்சது."

"எங்க அத்தா போட்டா கர்ர்ர்னு வரும்!" என்றேன். துப்பறிந்து கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. அத்தா வந்ததும் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அண்ணே, அவங்க லீவு முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு" என்றாள்.

கியருக்கும் பதினோரு நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. மெக்கானிக் மட்டும், "சரிங்க டீச்சர்" என்றார்.

அத்தா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். "பாத்தீங்களா, எங்க வீட்டம்மா என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு?"

"டீச்சர் மேல தப்பு இல்ல பாய். முன்னாடி வச்சிருந்தவன் பண்ணின வேலை இது."

"இல்ல, இப்பதான் நீங்க..." என்று மெக்கானிக்கிடம் நான் ஆரம்பித்ததும் அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

மெக்கானிக் சக்கரத்தை அத்தாவின் கையில் வைத்தார். "வேற பெட்டியிலேர்ந்து நல்லதா ஒண்ணு எடுத்துப் போட்டுடறேன். வண்டி முழுசா நின்னு, ரெண்டு செகண்ட் விட்டு ரிவர்ஸ் போடணும் பாய். யார் ஓட்டினாலும். உருளும்போது போட்டா இதுவும் போயிடும்."

அத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த முனைகள் மினுங்கின. ஆயில் கறையோடு அதைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விற்கிற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

கார் வீட்டுக்கு வந்த மறுநாள், அத்தா வளைகுடாவுக்குக் கொண்டுபோக முறுக்கு வாங்க மணப்பாறை கிளம்பினோம். லோடுமேன்கள் தள்ளுவதற்குத் தயாராக வந்து நின்றார்கள். வேண்டாம் என்று அத்தா கை காட்டினார். கிளட்சை மிதித்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்றார்.

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் அத்தா அதைச் சொன்னார். ஜும்மா பிரசங்கத்தில் நல்ல பயான் கேட்டிருப்பார், அதுதான் இவ்வளவு பக்தி என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். அவ்வளவு பெரிய பொய் சொன்ன அந்த மெக்கானிக்கை எங்கள் வீட்டில் யாருமே திட்டவில்லை. பெருநாளைக்கு அம்மா முதல் பிரியாணியை அவருக்குத்தான் கொடுத்தனுப்பினாள். அதுவும் அத்தா போனில் ஞாபகப்படுத்தி.