பிரிக்காத பெட்டி

வீட்டுக்கு ஒரு கணினி வாங்கலாம் என்று அப்பாதான் முதலில் சொன்னார். அதையே என்னால் உடனே நம்ப முடியவில்லை. குரும்பகரத்தில் எங்களுக்கு இருப்பது கொஞ்சம் நெல்வயல். மழை ஏமாற்றிய ஆண்டில், ஓடாத மின்விசிறியை மாற்றுவதற்கே பலமுறை யோசிக்கிற வீடு அது. நான் திருமணமாகிக் காரைக்கால் நகரத்தில் இருக்கிறேன். சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்ட அப்பா, "பாப்பாவுக்கும் ஒதவும், வீட்டுக்கும் ஒண்ணு கெடந்தா நல்லதுதானே. நீதான் விவரம் தெரிஞ்சவ, பாத்துச் சொல்லு" என்றார்.

பாப்பா என்பது என் தங்கை. வணிகவியல் பட்டம் முடித்து, பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வகுப்புகள், பயிற்சித் தாள்கள் எல்லாம் இணையத்தில்தான். அவளிடம் இருந்ததோ ஒரு கைப்பேசி மட்டும். ஐந்தொகைக் கணக்கை அதில் பெரிதாக்கினால் தலைப்பு தெரியும், தொகை திரைக்கு வெளியே போய்விடும். சுருக்கினால் எல்லாம் தெரியும், எதையும் படிக்க முடியாது. சிவந்த கண்களோடு அவள் கட்டைவிரலால் ஒரு நிறுவனத்தின் சொத்துகளையும் கடன்களையும் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். அந்தத் தேர்வில் வென்றால் அவளுக்கென்று ஒரு தொழில் உண்டு. தோற்றால், மறுபடி எழுதும் அளவுக்கு வீட்டில் பொறுமை இருக்குமா என்பது ஐயம்தான்.

ஆகவே கணினி வாங்கும் வேலையை நான் ஒரு பொறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். மடிக்கணினி வேண்டாம், மேசைக்கணினியே போதும் என்று வாதாடினேன். மடிக்கணினி யார் மடியில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தமாகிவிடும். மேசைக்கணினி வீட்டின் நடுவில் நிற்கும், அப்பா பயிர்க் காப்பீட்டு விவரம் பார்க்கலாம், அம்மா தன் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசலாம். ஏதாவது கெட்டுப்போனாலும் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதிலும், அலுவலகங்களில் கழித்துக்கட்டி, சீர்செய்து விற்கும் பழைய கணினி ஒன்று தங்கைக்குத் தாராளமாகப் போதும், குப்பைக்குப் போகவேண்டிய ஒரு பொருளுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைக்கும், மிச்சமாகும் பணத்தில் மின்வெட்டைச் சமாளிக்க ஒரு யுபிஎஸ் வாங்கலாம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"பழசு வேணாம்மா. புதுசாவே இருக்கட்டும்" என்றார் அப்பா. எதிலும் சிக்கனம் பார்ப்பவர் இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

சில நாள் கழித்து அவரே மறுபடி அழைத்தார். "பதினாறு ஜிபி ராம் வேணும். எஸ்எஸ்டி ஐநூத்துப் பன்னெண்டாவது இருக்கணும். பின்னால ரெண்டு மானிட்டர் மாட்டுற மாதிரி பாரு."

எனக்குச் சிரிப்பும் திகைப்பும் ஒன்றாக வந்தன. "யாருப்பா சொல்லிக்குடுத்தா?"

"கேட்டு வச்சேன். எனக்குத் தெரியக்கூடாதா?"

மகளின் படிப்புக்காக ஒரு விவசாயி இந்தச் சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார் என்று நான் அலுவலகத்தில் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா நல்ல நேரம் பார்த்துக் குறித்த ஒரு காலைப்பொழுதில் நால்வரும் திருநள்ளாறு சாலையிலுள்ள கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர்.

"எந்த ஊருங்க? திருவேட்டக்குடிக்கு ஒண்ணு குடுத்தேன், கடலப் பாத்த ஜன்னலாண்ட கொண்டுபோய் வச்சிட்டாங்க. வருஷம் திரும்பல, உள்ளார பச்சை பூத்துக் கெடக்கு."

"நமக்குக் குரும்பகரம்" என்றார் அப்பா.

"அப்ப உப்புக்காத்து இல்ல. எலிதான். ஒயரு பத்திரம்."

"எங்க எலிக்கு நெல்லு இருக்கு. ஒயரக் கடிக்கிற அளவுக்கு அதுங்களுக்குக் கஷ்டம் இல்ல."

கடைக்காரர் சிரித்துவிட்டார். தங்கை காட்சிக்கு வைத்திருந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து, விசைப்பலகையின் வலப்பக்கத்து எண்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் கிடைக்காத அந்த எண்வரிசை அவள் விரல்களுக்கு உடனே பழகிவிட்டது. திரையைப் பார்க்காமலே தட்டினாள். அம்மா ஒவ்வொரு மானிட்டராகக் கையகலம் வைத்து அளந்தாள்.

"இதவிடப் பெருசு இல்லீங்களா? பாக்குறதுக்குப் பார்வையா இருக்கணும்."

"கணக்குப் போட இது போதும்மா" என்றாள் தங்கை. "நீ என்ன, வீட்டுல கொட்டகை போட்டு டிக்கெட்டா விக்கப் போற?"

"ஒனக்கு என்னடி தெரியும், சும்மா இரு."

கடைசியில், எங்கள் சக்திக்குச் சற்று மேலான ஒன்றையே அப்பா தேர்ந்தெடுத்தார். யுபிஎஸ் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போயிற்று. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஓட்டிக் காட்டுவதற்காகக் கத்தியை எடுத்தார்.

"பிரிக்க வேணாங்க" என்றாள் அம்மா. "அப்படியே குடுங்க."

"ஓட்டிக் காட்டாம நாங்க குடுக்கறதில்லம்மா. நாளைக்கி டிஸ்ப்ளே வரலேன்னு நிப்பீங்க."

"அதெல்லாம் போற எடத்துல அவங்க பிரிச்சுப் பாத்துக்குவாங்க."

விசைகளின் ஓசை நின்றது. "எங்கம்மா போவுது?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேசை மீதிருந்த தன் கைக்குட்டையை எடுத்து மடித்தார். "சொல்லலாம்னுதான் இருந்தோம். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு எடம். நல்ல குடும்பம். அவங்க ஒண்ணுமே கேக்கல. நகைகூட ஒங்க இஷ்டம்னுட்டாங்க. தம்பி வீட்டுலேர்ந்தே வேலை பாக்குறாராம். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் நல்லதாப் பாத்துக் குடுத்தாப் போதும்னாங்க."

தம்பி என்று அவர் குறிப்பிட்டது, என் தங்கை பார்த்தே இராத மாப்பிள்ளையை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை அறிந்தவர்களுக்கு, எனக்கு அந்த நொடியில் என்ன நேர்ந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. பெண்ணோடு அனுப்பும் சீர்ப்பொருள்கள் மண்டபத்தில் வரிசையாக வைக்கப்படும். அட்டைப்பெட்டியும் நெகிழி உறையும் கலையாமல் இருக்கவேண்டும். உறவினர் சுற்றிவந்து பார்ப்பார்கள். கை பட்ட பொருளை வைத்தால் அது பெண் வீட்டுக்கு அவமானம். என் திருமணத்தில் குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் பாதி அட்டைக்குள் மணப்பெண்போல் நின்றது. பழையது ஏன் ஆகாது, திரை ஏன் பார்வையாக இருக்கவேண்டும், இரண்டு மானிட்டர் யாருக்கு, அந்த ராமும் எஸ்எஸ்டியும் யார் வாயிலிருந்து அப்பாவின் காதுக்கு வந்தன என்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக என்மீது சரிந்தன. என் தங்கையின் கண்களுக்காக நான் இத்தனை நாள் எடைபோட்ட கணினி, அவளை வீட்டைவிட்டு அனுப்புவதற்கான பொருள். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வரதட்சணையின் தீமை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் இங்கே, அந்நியர் முன்னால் வாய் திறந்தால் அப்பா தலைகுனிவார், அந்தத் தலைகுனிவுக்குத் தங்கைதான் வீட்டில் விலை கொடுப்பாள். பேசாமல் இருந்தால் பெட்டி வண்டியேறிவிடும். இரண்டின் விளைவுகளையும் நான் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை எழுந்து வந்தாள்.

"அண்ணே, கத்தியக் குடுங்க."

கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கொடுத்துவிட்டார்.

"வேணாம் பாப்பா" என்றாள் அம்மா.

"வீட்டுக்குன்னுதானேம்மா சொன்னீங்க" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. ஒட்டுநாடாவின் மேல் கத்தியை வைத்து நேர்க்கோடாக இழுத்தாள். மூடிகள் விரிந்தன. தெர்மாகோலை இரண்டு கைகளாலும் வெளியே எடுத்து வைத்தாள். மானிட்டரின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய உறையின் ஓரத்தைப் பிடித்து, நிதானமாக, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை உரித்தாள்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றார் அப்பா, கடைக்காரரைப் பார்க்காமல்.

வீட்டில் கணினி கூடத்தில்தான் வைக்கப்பட்டது. புது மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற அம்மா, இதற்கு வைக்கவில்லை. பிரித்த பெட்டிக்குள் தெர்மாகோலை வந்தபடியே பொருத்தி, உரித்த உறையையும் மடித்து உள்ளே வைத்து, பரணில் ஏற்றினாள். திரும்ப ஒட்டினால் புதிதுபோல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்திருக்கவேண்டும். தங்கை அதைப் பார்த்துவிட்டு, கணினியின் முன்னால் உட்கார்ந்து பயிற்சித் தாளைத் திறந்தாள்.

அதன்பின் நான் குரும்பகரத்துக்கு அடிக்கடி போய்வந்தேன். தேர்வு முடியும்வரையாவது கல்யாணப் பேச்சை நிறுத்திவைக்குமாறு அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். மகள் முழு ஐந்தொகையும் ஒரே திரையில் தெரிய, எண்களைத் தட்டிச் சரிபார்ப்பதை அவர் வாசற்படியில் நின்று பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தபோதே, மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"பொண்ணு பரீட்சை எழுதணும்ங்குதுங்க. முடிச்சிட்டுப் பேசலாம்னு பாக்குறோம்."

மாப்பிள்ளையின் தாயார் சற்றும் வருத்தப்படவில்லை. "அதுக்கென்னங்க, நல்லா எழுதட்டும். கல்யாணத்த மெதுவா வச்சிக்கலாம். கம்ப்யூட்டர் வாங்கிட்டேன்னீங்கல்ல? அத மட்டும் முன்னாடி அனுப்பிவிட்டீங்கன்னா தம்பிக்கு வேலைக்கு ஆவும்."

அப்பா கையிலிருந்த கைப்பேசியை ஒருமுறை பார்த்தார், வேறு யாராவது பேசிவிட்டார்களோ என்று சரிபார்ப்பதுபோல. அம்மா கையில் முறத்தோடு அப்படியே நின்றாள். இவர்கள் இருவரும் இப்படி அதிர்ந்து நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கடையில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"பெட்டியப் பிரிச்சாச்சுங்க" என்றார் அப்பா.

"எதுக்குப் பிரிச்சீங்க?"

"எங்க பொண்ணு படிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

கூடத்தில் தங்கையின் விசைகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரமாக ஒரே எண்ணைத்தான் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்.

அம்மா முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்த பெட்டியை இறக்கினாள். தெர்மாகோலை எடுத்துக் கொல்லைப்பக்கம் போட்டாள். பிறகு அட்டையை நான்கு மூலையிலும் கிழித்துத் தட்டையாக்கி, தரையின் ஈரம் ஏறாமல் இருக்க, விதைநெல் மூட்டைகளுக்கு அடியில் விரித்தாள். மூட்டையைத் தூக்கிப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அவளக் கூப்புடாத" என்றாள். "படிக்கிறா."