தொட்டி மூலையில் மந்திரித்த மெழுகு

உபகாரம் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாதா கோயில் பூசைக்கு வந்தாலும் முழங்காலில் இருக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூணோரம் நின்றுகொண்டேதான் இருப்பார். கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போதே செருப்பைத் தேடுவார்.

"அப்படி என்னதான் வீட்டுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "ஒழுகுதான்னு பாக்கணும் லீமா" என்பார்.

ஒழுக்குக்குப் பயந்த பிறவி அவர். பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். தகரக் கூரை ஒழுக ஒழுக அடுப்பை மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டே வளர்ந்தாராம். புருஷனை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு எழுபத்தி மூன்றாம் வருஷம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பிள்ளை இல்லை. கொடைக்கானலில் பள்ளிக்கூட விடுதியில் துணி வெளுக்கிற ஆயா வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் நீலம் ஏறிக் கிடக்கும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

எண்பத்தி நாலில் விடுதியிலிருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா தன் தேசத்துக்குப் போகும்போது ஒரு கண்ணாடி மீன்தொட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று தங்கமீன்கள். இந்தக் குளிருக்கு வேறு மீன் தாங்காது. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன, சாப்பிட்டாச்சா மூணு பேரும்?" என்று குரல் கேட்டது. நான் கையில் வைத்திருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது அன்றுதான்.

கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ரப்பர் மாதிரி ஒரு பசை, அதற்குச் சிலிக்கான் என்று பெயர், அது வெளுத்தாலும் நகம் பட்டுத் தூக்கினாலும் தண்ணீர் கசியும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அக்கா அதை ஜெபம் மாதிரி பிடித்துக்கொண்டார். காலையில் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம், படுக்குமுன் ஒரு தரம், நான்கு மூலையும் விரலால் தடவுவார். அதோடு விட்டாரா? சனிக்கிழமைதோறும் பானை தேய்க்கிற மாதிரி தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். கண்ணாடி பளபளத்தது. பசை தேய்ந்து போனது. ஐப்பசி மழையில் கீழ் மூலை ஒன்று கசிந்தது.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. காணிக்கைத் திருநாளன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் மெழுகுதிரி எல்லார் வீட்டிலும் இருக்கும். இடி இடித்தால் ஏற்றுவோம். உயிர் போகிற வேளையில் ஏற்றுவோம். அதை உருக்கி மூலையில் பூசிவிட்டார். கொஞ்ச நாள் நின்றது. பிறகு தொட்டிக்கு அடியிலிருந்த பலகை நனைந்தது.

கடைவீதியில் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற சிலுவைராஜைக் கூப்பிட்டு வந்தது நான்தான். மதுரையிலிருந்து வாங்கின சிலிக்கான் குழாய் ஒன்று அவனிடம் பாதி இருந்தது. மீன்களை வாளிக்கு மாற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசினான். தண்ணீர் ஊற்றின அன்றே மறுபடி கசிந்தது. நகத்தால் கெல்லினால் பசை வாழைப்பழத் தோலாக உரிந்து வந்தது.

அவனுக்கு மானம் போய்விட்டது. "எக்கா, இருவது வருசமா கண்ணாடி வேலை பாக்கேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல. குழாயில இன்னும் ஒரு தரத்துக்குத்தான் கெடக்கு. இதுவும் போச்சுன்னா மீனை ஓட்டல் குளத்துல விட்டுருங்க. அழகுக்கு மீன் வேணும்னு ஓட்டல்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அக்கா வாளியைப் பார்த்தார். முந்தின நாள்தான் ஒரு மீன் செத்து மிதந்தது. மீதி இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா வாசலுக்கும் வாளிக்குமாக நடந்தார். முந்தானையை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

"சிலுவ... நான் அதுல மெழுகு பூசினேன்."

"என்ன மெழுகு?"

"கோயில் மெழுகு. மந்திரிச்சது. அதைச் சுரண்டி எறியச் சொல்லுவன்னுதான் சொல்லல."

அவன் சுவரில் சாய்ந்து சிரித்தான். "சரியாப் போச்சு! மந்திரிச்ச மெழுகு பேயை வெரட்டும்னு கோயில் உபதேசியார் சொன்னாரு. என் சிலிக்கானையுமில்ல வெரட்டிருக்கு! மெழுகு பட்ட கண்ணாடியில ஒண்ணும் ஒட்டாதுக்கா. வெள்ளனே சொல்லிருந்தா ஒரு மீன் பொழைச்சிருக்கும்."

"அதைச் சொல்லிக் குத்தாத, ராசா" என்றார் அக்கா. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

மறுபடி பிளேடு போட்டான். விடுதி மருந்தறையில் கேட்டு வாங்கின ஸ்பிரிட்டால் துடைத்தான். மந்திரித்த பொருளைச் சாக்கடையில் போடக் கூடாது. விழுந்த மெழுகுத் துணுக்கை ஒவ்வொன்றாக அக்கா காகிதத்தில் பொறுக்கி, சிலுவை போட்டு, அடுப்பில் எரித்தார். பசை பூசி முடிந்ததும், "புளிச்ச வாசம் அடிக்கும். அது சுத்தமாப் போற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க" என்று சொல்லிப் போனான்.

பிறகு அக்காவுக்கு அந்த வாசம் பிடிப்பதே சோலியாகிவிட்டது. நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டிக்குள் தலையை விடுவார். "இன்னும் வினாகிரி வாசம் அடிக்குது லீமா. நீ மோந்து பாரு." நானும் மோந்தேன். வெளியே மஞ்சு இறங்கி ஒன்றும் உலரவில்லை. மீன்களுக்காக நான் ஜெபமாலை சொன்னேன். அக்கா பாதியிலேயே எழுந்து வாளித் தண்ணீர் மாற்றப் போய்விட்டார்.

ஒருவழியாக வாசம் போனது. தொட்டிக்கு அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து, மீன் இல்லாமல் வெறும் தண்ணீர் நிரப்பினோம். அடுப்பில் சோறு வடிக்கிற நேரத்துக்குள் தாள் நனைந்திருந்தது.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க போறீங்க?"

"ஓட்டலுக்கு. இதுகளாவது உயிரோட கெடக்கட்டும்."

நான் வாளியைப் பிடித்தேன். கண்ணாடியின் வெளிப்பக்கமெல்லாம் முத்து முத்தாக ஈரம் நின்றது. தண்ணீரோ ஐஸ் மாதிரி, அறையிலோ அடுப்பு எரிகிறது. "இது ஒழுக்கா, கண்ணாடி வேர்த்த ஈரமான்னு எப்படித் தெரியும்க்கா?" என்றேன்.

அக்கா நின்றார். தன் விரலைப் பார்த்தார். வாளியை இறக்கிவிட்டுத் துணி நீலத்தை எடுத்து வந்து தொட்டிக்குள் கரைத்தார். தண்ணீர் மை போல ஆனது. "ஒழுகினா தாளு நீலமாகும்" என்றார். அடியில் புதுத்தாள் மாற்றினோம்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. தாள் மறுபடி நனைந்தது. குனிந்து, விளக்கைப் பிடித்து, மூலை மூலையாகப் பார்த்தோம். ஈரம் இருந்தது. நீலம் இல்லை. அக்கா தாளைக் கிழித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "வேர்வைதான்... வெறும் வேர்வைதான் லீமா" என்றார்.

நீலம் போகக் கழுவிக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, மறுநாள் மீன்களை விட்டோம். நாரும் சாம்பலும் அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் போகவில்லை. மெல்லிய துணிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசிப் பாட்டு முடியும் வரை அக்கா நின்றார். முடிந்ததும் திரும்பினேன். ஆள் இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது: "என்ன, சாப்பிட்டாச்சா ரெண்டு பேரும்?"