பதினாலு விநாடியில் ஒரு விழுங்கல்

டோக்கியோவில் நகானோ பக்கம் குடியிருக்கும் நுமாதா இகுயோ பாடாத தின்பண்டம் இல்லை. பொரித்த கோழிக்குப் பாடியிருக்கிறாள், மாட்டிறைச்சிச் சோற்றுக்குப் பாடியிருக்கிறாள், பர்கருக்கு எத்தனை பாடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் டிவியில் அவள் குரல் ஒரு நாளும் வந்ததில்லை. அவள் பாடுவதெல்லாம் மாதிரிப் பாட்டு. பெயர் பெற்ற பாடகர்கள் அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு வந்து பாடுவார்கள். அவர்கள் பாடி முடித்ததும் இவள் பாடியதை அழித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

பத்தொன்பது வயதில், பெரிய பாடகியாகப் போகிறேன் என்று சொந்த ஊரான சகாதாவிலிருந்து ரயிலேறி வந்தவள். ஒரே ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. ரயில் நிலைய வாசலில் நின்று கூவிக் கூவி விற்றும் போணியாகவில்லை. வேறொருத்தியாக இருந்தால் ஊர் உலகத்தையெல்லாம் திட்டித் தீர்த்திருப்பாள். இவளோ, "பாடத்தானே கூப்பிடுறாங்க, அது போதாதா" என்பாள். இவ்வளவு நல்ல மனசும் ஆகாது. கொஞ்சமாவது கோபப்பட வேண்டாமா மனுஷி?

பெரிய பாடகர்கள் பாடி விளம்பரம் வெளிவந்த பிறகும், மாதிரி பாடியது யார் என்று வாயைத் திறக்கக் கூடாது. கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊரிலிருக்கும் அக்கா சாயே போன் செய்யும்போதெல்லாம் இதே பேச்சுத்தான்.

"இப்ப எதுலடி பாடுற?"

"சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லக் கூடாத பாட்டெல்லாம் எதுக்குடி பாடுற?"

அந்த ஜூலை மாதம் கோமாயா பர்கர்க் கடையின் இலையுதிர்கால விளம்பரம் வந்தது. செப்டம்பரில் நிலா பார்க்கும் நாட்களில் எல்லாக் கடைகளும் முட்டை வைத்த பர்கர் போடுமே, அதற்கான பாட்டு. இசை போட்டவர் கன்சாகி. இகுயோவுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்ததே அவர்தான். விளம்பர நிறுவனத்திலிருந்து ஒகிதா என்ற ஆள் வந்திருந்தார். முப்பது வயது, எப்போதும் கையில் ஸ்டாப்வாட்ச்.

"மாதிரிக்கு எதுக்கு சார் ஆள்?" என்றார் ஒகிதா. "கம்ப்யூட்டரே இப்ப நல்லாப் பாடுதே. சளி பிடிக்காது, லேட்டா வராது."

"அது பர்கர் தின்னிருக்கா?" என்றார் கன்சாகி.

ஒகிதா சிரிக்கவில்லை. "சரி, இந்தத் தடவை அவங்களே பாடட்டும். ஒரு சின்னக் குறை வந்தாலும் அடுத்ததுலேருந்து கம்ப்யூட்டர்தான்."

இகுயோ இதையெல்லாம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாற்பத்தோரு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? வயிறோ காலையிலிருந்து காலி. வேறொரு பதிவை முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள்.

கோமாயாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுப் பதிவன்று சுடச்சுட பர்கர்கள் அனுப்பிவிடுவார்கள். பாடுகிறவர் முன்னால் அதைப் பிரித்து வைக்க வேண்டும், வாசனை பிடித்துக்கொண்டே பாட வேண்டும். முடிந்த பிறகுதான் தின்னலாம். வெண்ணெயும் முட்டையும் கமகமக்க, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "வட்ட நிலா, வட்ட முட்டை, என் கைக்கு வா… கோமாயா!" என்று இகுயோ ஆறு தடவை பாடினாள். கன்சாகிக்கு மூன்றாவது பிடித்துப்போய், அதையே அன்று சாயங்காலம் அனுப்பிவிட்டார்.

அந்தப் பாட்டைப் பாடப்போகிறவர் ஷிராமினே ஃபுமியோ. அறுபத்தெட்டு வயது, பழைய பாணிச் சோகப் பாட்டுகளின் ராணி. கிமோனோ கட்டிய அம்மா பர்கருக்குப் பாடினால் நாடே திரும்பிப் பார்க்கும் என்பது ஒகிதாவின் கணக்கு. ஃபுமியோவுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பதினாலு வயதில் குரு வீட்டில் சேர்ந்து எடுபிடி வேலை செய்தபடி, காதால் கேட்டுக் கேட்டே படித்தவர். கேட்டதை அச்சு அசலாகப் பாடுவார். குரு நடுவில் தும்மியிருந்தால் தும்மலையும் சேர்த்துப் படிக்கிற பரம்பரை அது.

இருபது நாள் கழித்து ஃபுமியோ வந்து பாடினார். மாதிரி பாடியவர் கூடவே இருக்க வேண்டும் என்பது முறை. இகுயோ மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "என் கைக்கு வா" என்று பாடிய ஃபுமியோ, ஒரு நொடி நிறுத்தி, மடக்கென்று எச்சில் விழுங்கிவிட்டு, "கோமாயா" என்று நிதானமாக முடித்தார்.

ஒகிதா ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "பதினாலரை."

பதினைந்து விநாடி விளம்பரத்தில் முன்னால் அரை விநாடி, பின்னால் அரை விநாடி சத்தமே இருக்கக் கூடாது. டிவிக்காரர்களின் கண்டிப்பான விதி. பதினாலுக்கு மேல் போனால் பாட்டு திரும்பி வந்துவிடும்.

கன்சாகி மாதிரியைப் போட்டுக் கேட்டார். அதிலும் மடக்கென்று ஒரு விழுங்கல். பசியில் விழுங்கியது இகுயோவுக்கே தெரியவில்லை. அவள் கடைசி வார்த்தையை வேகமாகப் பாடியதால் நேரம் சரிக்கட்டிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. விழுங்கலை அச்சு அசலாகப் படித்த ஃபுமியோ, கடையின் பெயரை மட்டும் அவசரமாகச் சொல்கிறவர் இல்லையே.

இகுயோ எழுந்து வந்து இடுப்பு வளையக் குனிந்தாள். "என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"கம்ப்யூட்டர் விழுங்காது" என்றார் ஒகிதா, கன்சாகியைப் பார்த்து.

ஃபுமியோ கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைச் சொல்லி, விழுங்காமல் பாடும்படி கேட்டுக்கொண்டார்கள். பாடினார். இன்னொரு தடவை பாடினார். நேரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவரே நிறுத்திவிட்டார்.

"வரலை. அது இல்லாம இது வெறும் கடைப்பேரு."

"அம்மா, அது தெரியாம விழுந்த சத்தம்" என்றார் ஒகிதா.

"தெரியாமத்தான் விழும். தெரிஞ்சு யாரு விழுங்குவா?" ஃபுமியோ நாற்காலியில் உட்கார்ந்தார். "குரு வீட்டுல சாப்பாட்டுத் தட்டு தூக்குனவ நான். அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டுட்டு இப்படித்தான் விழுங்குவேன். மாதிரியைக் கேட்டதும், அடடா, இதைப் பாடினவங்களுக்குப் பசின்னா என்னன்னு தெரியும்னு நெனைச்சேன். தம்பி, நீங்க கடைசியா எப்ப பசிச்சு சாப்பிட்டீங்க?"

ஒகிதா யோசித்தார். ஸ்டாப்வாட்சை மேஜைமேல் வைத்தார்.

"பாட்டுக்கு முன்னால வர்ற என் கிதாரை அரை விநாடி வெட்டிட்டாப் போச்சு" என்றார் கன்சாகி. வெட்டினார். பதினாலு விநாடி, சுத்தமாக.

புறப்படும்போது ஃபுமியோ இகுயோவின் முன் நின்று, அவ்வளவு பெரிய மனுஷி, அவளைவிடத் தாழ்வாகக் குனிந்தார். "இருபது நாளா என் காதுல உங்க குரல்தாம்மா. நல்லா சொல்லிக் குடுத்தீங்க. ரொம்ப நன்றி." இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நன்றியை யாரும் நேரில் வந்து சொன்னதில்லை. அவர் போன பிறகு, அன்றைக்கு மைக்குப் பக்கத்தில் வைத்து ஆறிப்போயிருந்த பர்கரை இகுயோ அழுதுகொண்டே தின்றாள். அத்தனை ருசியாக அவள் எதையும் தின்றதில்லை.

செப்டம்பரில் விளம்பரம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பாடி, நடுவில் மடக்கென்று விழுங்கிக்கொண்டே தெருவில் போனார்கள். கன்சாகி போன் செய்தார். "நாளைக்குக் கோழி. ஒகிதா உன்னைத்தான் கேக்குறான். சாப்பிடாம வா."

அன்று மாலையே அக்காவின் போன்.

"ஃபுமியோ அம்மா பாட்டுக் கேட்டியாடி? நடுவுல விழுங்குறாங்களே, அது அப்படியே நீதாண்டி. நம்ம அம்மா மீன் பொரிக்கிறப்ப அடுப்புக்கிட்ட நின்னு அப்படித்தான் விழுங்குவ."

இகுயோ போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, பதிலையே காணோம்? சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுக்கா."

 மறுமுனையில் சாயே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, சொல்லாத. நான் கடைக்குப் போயி ரெண்டு வாங்கிட்டு வரேன். ஒண்ணு உனக்காகத் தின்னுடுறேன்."