தேசம்மா அக்காவின் மீன் பெட்டியில் இருந்த ஊசி

சேதி வந்தபோது எங்கள் திருவொற்றியூர் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், ஐந்து வயது மகள், சேதி கொண்டுவந்த எல்லப்பன். தேசம்மா அக்காவின் கொழுந்தனார் அவர்.

"அண்ணி செத்துப் பூட்டாங்கம்மா. புள்ள இல்லாதவங்க. பதினாறாம் நாளு வெளக்கு யாரு ஏத்தறதுன்னு பெரியவங்க பேசிகினு கீறாங்க. ஏத்தாம வுட்லாம்னு சொல்றாங்க," என்றார்.

அக்காவின் மீனவக் குப்பத்துப் பெரியவர்களுக்கும், அவரை அறிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கருமுட்டைகள் குறைந்துவிட்டன என்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார். வேறொருவரின் முட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்றார். துணைக்கு வந்திருந்தவர் எங்கள் தெருவில் மீன் விற்கும் தேசம்மா அக்கா. அவருக்கு முப்பத்தைந்திலேயே மாதவிலக்கு நின்றுபோனது. அப்போது அவரோடு டாக்டரிடம் துணைபோக ஆளில்லை.

"கொறச்சலா கீதுன்னுதான சொல்றீங்க? இல்லேன்னு சொல்லலியே. இருக்கறத வச்சிப் பாருங்கம்மா," என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, முட்டை வளர ஊசி எழுதினார்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. மாமியாருக்குத் தெரியவும் கூடாது. அக்கா தன் பெட்டியில், நொறுக்கிய ஐஸுக்குள் வஞ்சிரத்தைப் புதைப்பதுபோல் புதைத்துவிட்டார். மருந்து உறைந்து கெட்டது. நர்ஸ் போட மறுத்தார். ஒரு மாதம் வீணானது.

"மீனுக்கு வைக்கிற மாரி வச்சிட்டேன். தப்பு என்து. அதுக்காக நீ மூலைல குந்தாத, எய்ந்திரு."

அடுத்த மாதம் முதல் டிபன் பாக்ஸில் துணி சுற்றி, ஐஸ் படாமல் மேலே வைத்தார். ஊசி போடக் கிளம்பும்போது, மீன் வாசத்தோடு அதை அம்மன் படத்தின் முன் வைக்க எனக்குக் கை கூசியது. "கடலோரத்துல குந்திகினு கீற சாமிக்கு மீன் வாசன புதுசா இன்னா?" என்றார். வைத்தேன்.

நான் நாள்கணக்கு எழுதிய நோட்டில் ஏழு மாதங்கள் இருக்கின்றன. ஏழாவதில் ஒரே ஒரு முட்டை வளர்ந்தது. அதுதான் என் மகள். எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

வளைகாப்பில், பிள்ளை இல்லாதவள் வளையல் போடக்கூடாது என்று என் நாத்தனார் தடுத்தார். "ஊசி மட்டும் என் பொட்டில இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, முதல் வளையலை அக்காவே போட்டார்.

அப்படிக் கேட்கிற வாயைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்கிறேன்: அவரைப் பிள்ளை இல்லாதவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெண் குழந்தை என்பீர்கள், வேறு சாதி என்பீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். பதினாறாம் நாளான வெள்ளிக்கிழமை விளக்கை என் மகள் ஏற்றுவாள். எண்ணெயும் திரியும் நாங்கள் கொண்டுவருகிறோம். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் புதன்கிழமைக்குள் எல்லப்பனிடம் சொல்லியனுப்புங்கள்.