தாடையம்மாவின் ஊதாப்பூ

எங்கள் தெருவில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தாடையம்மா என்றால் கடை வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ அவளுடையது. ஸ்டூலில் உட்காருபவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "தாடையக் கொஞ்சம் இறக்குங்க" என்பதுதான் முதல் பேச்சு. "ஆடாதீங்க" என்பது அடுத்தது. மூக்கின் நிழல் உதட்டில் விழுந்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்காரச் சொல்வாள்.

கடைக்கு லீவு விட்டால் மலைப்பாதைதான் கதி. பாதை போட வெட்டிய பாறைச் சரிவுகளில், மண்ணே இல்லாத இடுக்குகளில், யாரும் நடாமல் முளைத்த பூக்களைத் தேடித் தேடிப் படம் எடுப்பாள். ஸ்டுடியோ சுவர் நிறைய அவைதான் தொங்குகின்றன. ஒன்று மட்டும் மூன்று வருஷமாகச் சிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு செடி; அதே ஜாதியில் மற்றதெல்லாம் மேலே, எட்டாத உயரத்தில். கோடையில் சில வாரம் மட்டும் ஒற்றை ஊதாப்பூ பூக்கும்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டுவார், குடை பிடிப்பார், திட்டு வாங்குவார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். தங்கையாகப் பிறந்ததில் இது ஒரு வசதி.

ஒவ்வொரு முறையும் ஒரே கூத்து. தூரத்திலிருந்து பார்த்தால் பூ விரிந்திருக்கும். அக்கா இறங்கியதும் மாமா பெரிய கறுப்புக் குடையைச் செடிக்கு மேல் பிடிக்க வேண்டும். முகத்துக்கானாலும் பூவுக்கானாலும் நேர் வெயில் ஆகாது என்பது அவள் சட்டம். பிறகு கேமரா ஸ்டாண்டைப் பாறையில் நிறுத்துவாள், அது சறுக்கும். லாரி போகும், புழுதி பறக்கும், காம்பு ஆடும். எல்லாம் அடங்கி அவள் கண்ணை வைக்கும்போது பூ வாயை மூடிக்கொண்டிருக்கும்.

"வெயில் ஏறினா மூடிக்கற பூ இது. இன்னும் சீக்கிரம் கிளம்பியிருந்தா கிடைச்சிருக்கும். சவரம் பண்ணவே உங்களுக்கு ஒரு யுகம்" என்பாள் மாமாவிடம்.

"மேல இருக்கறதெல்லாம் விரிஞ்சுதானே இருக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அங்க வெயில் லேட்டா வரும். தெரியாததுல மூக்க நுழைக்காத."

இந்த வருஷம் அந்தப் பாறை முழுக்க வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். பாதையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மறுநாள் மிஷின் வரும் என்று அங்கே நின்ற காவலாளி சொன்னார். அக்கா உடனே ஸ்டாண்டைப் பிரித்தாள்.

மாமா சவரமே பண்ணாமல் வந்திருந்தார். முள் தாடியோடு குடையை உயர்த்திப் பிடித்தார். ஸ்டாண்ட் சறுக்கியது. லாரி வந்தது. பூ மெல்லச் சுருங்கத் தொடங்கியது.

"ஆடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் எங்க ஆடறேன், காத்துதான் ஆட்டுது."

அடுத்து வந்த லாரி வளைவில் உரசுவதுபோல் திரும்பியது. குடை மாமாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பள்ளத்துக்குப் பறந்தது. அக்கா அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. ஒரு குடையக்கூட ஒழுங்கா பிடிக்கத் தெரியல. இனிமே ஏது இந்தப் பூ" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. மாமா தடுப்புச் சுவர் ஓரமாகப் போய்க் குடையைத் தேடுகிற சாக்கில் நின்றுகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவளைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். செடிமேல் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, பூவப் பாரு."

ஒரு இதழ் விலகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் விலகியது. நடுவில் மஞ்சள் தெரிந்தது. அக்கா முகத்தைத் துடைக்காமலே கேமராவுக்கு ஓடினாள். சத்தம் கேட்டு மாமாவும் ஓடி வந்தார். குடைதான் இல்லையே, வழக்கப்படி நிழல் விழட்டும் என்று செடிக்கும் சூரியனுக்கும் நடுவில் தன் உடம்பையே நிறுத்தினார்.

அக்கா நிமிர்ந்தாள். பூவைப் பார்த்தாள். அதன்மேல் விழுந்த நிழலைப் பார்த்தாள்.

"நகருங்க" என்றாள். "வெயில் படட்டும்."

மாமா விலகி நின்றார். உயர்த்திய கையை மெதுவாக இறக்கினார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அப்போ மூணு வருஷமா நான் லேட்டா வரல?"

அக்கா குனிந்து படத்தை எடுத்தாள். இதழின் நிழல் இதழ்மேல் கத்தியால் கீறியதுபோல் விழுந்த படம். வேறு யாருடையதாக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பாள். கேமராவை மூடிய பிறகும் அவள் தாடை நெஞ்சிலேயே இருந்தது. மாமா பக்கம் திரும்ப அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

"இல்லைங்க" என்றாள். "நீங்க ஒரு நாளும் லேட்டா வரல."