ஆணியில் தொங்கிய ரொட்டி

கோகந்த் ஊரில் வெளியூர் கிளம்புகிறவர் புது ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரேதான் அதை இறக்க வேண்டும். மலோஹத்தின் கணவன் ஷுக்ரத் கடித்த ரொட்டி, துணிப்பைக்குள் நான்கு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ருஷ்யாவில், கசானில் சுவர் பூசிக்கொண்டிருந்தான்.

"நீ அந்தக் கம்ப்யூட்டர் சான்றிதழை வாங்கு. தாஷ்கண்ட்ல வேலை கிடைக்கட்டும். மறுநாளே வந்துடறேன், அங்கேயே குடித்தனம் வெச்சிடலாம்" என்று போனில் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தாள். கிளவுட் வடிவமைப்புப் படிப்பு. ஒரு ஊரில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் இன்னொரு ஊரில் இருப்பது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். யாரும் காத்திருக்கக் கூடாது. காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்!

பரீட்சை வீட்டிலேயே, கேமரா முன்னால். அறைக்குள் ஈ காக்கை வரக் கூடாது. ஓரகத்தி முனவ்வர் கரண்டியும் கையுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள என்ன, பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பரீட்சை. அதைவிடக் கெடுபிடி. சாயங்காலம் வாங்க, டீ தரேன்."

உள்ளே, கம்ப்யூட்டரிலிருந்து கண்காணிப்பாளரின் குரல் ருஷ்ய மொழியில் கேட்டது. "சுவர்ல என்ன பை?"

"ரொட்டிங்க. என் வீட்டுக்காரர் கடிச்சது. அவர் வராம இறக்கக் கூடாது."

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. இறக்கலைன்னா பரீட்சை கிடையாது."

மலோஹத் நாற்காலி மேல் ஏறினாள். அவன் வருவதற்காகத்தானே இந்தப் பரீட்சையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு இறக்கினாள். கல்லாகிப் போன ரொட்டியில் அவன் பல் பதிந்த இடத்தை விரலால் தடவினாள். வாசலில் முனவ்வரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேறிவிட்டாள். திரையில் முடிவு வந்ததும் போன் போட்டாள்.

"பாஸ் பண்ணிட்டேங்க! ரொட்டியையும் இறக்கியாச்சு. இனிமே நீங்க வந்தே ஆகணும்."



"மேஸ்திரி புதுசா ஒரு கட்டடம் எடுத்திருக்கார், மலோஹத். அடுத்த வசந்தத்துல பார்க்கலாம். அதுவரைக்கும்... அதைத் திரும்ப மாட்டி வெச்சிடு."

"சரிங்க" என்றாள். மாட்டியும் வைத்தாள்.

தாஷ்கண்ட் வேலை அடுத்த மாதமே கிடைத்தது. கிளம்பும் காலையில் முனவ்வர் சூடாக ஒரு ரொட்டியை நீட்டினாள். மலோஹத் கடித்தாள்.

"இதை எங்கடி மாட்ட? இருக்கிறது ஒரு ஆணிதானே."

"அவரோடதுக்குப் பக்கத்துலயே மாட்டுங்கக்கா. வந்தா, அவரும் கொஞ்சம் அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கட்டும்."